பந்தல் எத்தனை நாள் நிற்க வேண்டும்?

பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில் எந்தத் தாமானுக்குள் (வீடமைப்புப் பகுதிக்குள்) நுழைந்தாலும் வீட்டுக்குப் பின்னால் ஒரு பந்தல் தென்படும். ஒரு வீட்டில் இரும்புக் குழாயை வெல்டிங் செய்து நிறுத்தியிருப்பார்கள். அடுத்த வீட்டில் மூங்கிலும் பழைய கம்பியும் ராஃபியா கயிறும். குழாய்ப் பந்தல்காரர் மூங்கில் பந்தலைப் பார்த்து, "இது எத்தனை நாளைக்கு அண்ணே?" என்று சிரிப்பார். நல்ல கேள்விதான். ஆனால் அதைக் கேலியாகக் கேட்கிறோமே தவிர, கணக்குப் போட்டுப் பார்க்கக் கேட்பதில்லை. அக்கம்பக்கத்தில் கிடைக்கும் பொருள்களை வைத்துக் கொல்லையில் எதைக் கட்டுவதானாலும், அந்தக் கணக்கைத்தான் முதலில் போட வேண்டும்.

லயத்து வீடுகளில் இருந்தவர்களுக்கு இந்தக் கணக்கு தானாகவே கைவந்திருந்தது. வீடு நிர்வாகத்துடையது, நிலமும் நிர்வாகத்துடையது. வேலை போனால் மூட்டை கட்ட வேண்டும். அப்படிப்பட்ட இடத்தில் சிமெண்டுத் தூண் போட்டுப் பந்தல் கட்ட யாருக்கு மனம் வரும்? பந்தல், கோழிக்கூண்டு, ஆட்டுக் கொட்டகை எல்லாமே சுற்றுவட்டாரத்தில் வெட்டிய கம்பிலும் மூங்கிலிலும் எழுந்தன. இன்று இதை இயற்கை வழி என்று பெருமையாகச் சொல்லிக்கொள்கிறோம். அன்று காசும் இல்லை, நிலமும் சொந்தமில்லை, அவ்வளவுதான். இருந்தாலும் அந்த நெருக்கடியில் ஒரு நல்ல பழக்கம் உருவானது: கொடிக்கு எவ்வளவு தேவையோ அவ்வளவுக்கு மட்டும் கட்டுவது.

1950களிலும் 60களிலும் வெள்ளைக்காரர்களின் பெரிய தோட்டங்கள் துண்டாடி விற்கப்பட்டபோது பல குடும்பங்கள் வேலையையும் வீட்டையும் சேர்த்தே இழந்தன. சுங்கை சிப்புட்டில் பிறந்த, அன்றைய அமைச்சர் துன் சம்பந்தன், தொழிலாளர்களே சேர்ந்து தோட்டங்களை வாங்குவதற்காக 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியதற்கும் அதுவே காரணம். பிறகு பால் மரங்கள் (ரப்பர்) போய் எண்ணெய் தரும் செம்பனை வந்தது, மக்கள் தாமான்களுக்கு வந்தார்கள். இப்போது பின்கட்டு ஓரிரண்டு பாய் விரிக்கும் அகலம்தான் என்றாலும் சொந்த இடம். சொந்த இடம் என்றதும் எல்லாமே காலத்துக்கும் நிற்க வேண்டும் என்ற ஆசை வருவது இயல்பு. ஆனால் பாகற்கொடிக்கு அந்த ஆசை கிடையாது.

செடியின் ஆயுளைப் பாருங்கள். பயற்றங்காய் ஒன்றரை மாதத்தில் காய்க்கத் தொடங்கி மூன்று மாதத்தில் ஓய்ந்துவிடும். பாகல், பீர்க்கு, புடல் நான்கைந்து மாதம். கோவைக்கொடி வெட்ட வெட்டத் தழைத்து ஆண்டுக்கணக்கில் நிற்கும். வெற்றிலையும் அப்படித்தான். மர்க்கீசா என்ற பேஷன் பழக்கொடி இரண்டு மூன்று ஆண்டு நன்றாகக் காய்க்கும். டிராகன் பழச்செடி இருபது ஆண்டு வரை நிற்கக்கூடியது, அதற்குக் கான்கிரீட் தூண் போடுவதில் நியாயம் இருக்கிறது. ஐந்து மாதக் கொடிக்கு இருபது ஆண்டுப் பந்தல் போட்டால் காசு மட்டும் வீணாவதில்லை. பாகலையும் புடலையும் ஒரே மண்ணில் திரும்பத் திரும்பப் போட்டால் வேர்முடிச்சுப் புழுவும் வாடல் நோயும் அந்த இடத்திலேயே தங்கிப் பெருகும். இடம் மாற்றி நடுவதுதான் அதற்கு நல்ல மருந்து. வெல்டிங் செய்து சிமெண்டில் புதைத்த பந்தலை எப்படி இடம் மாற்றுவது? பிடுங்கி நடக்கூடிய பந்தலின் பெரிய லாபம் இதுதான் என்பது என் எண்ணம். மலிவு என்பதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

சரி, கம்புக்கு வருவோம். நட்டு வைத்த கம்பு எங்கே முறிகிறது என்று கவனித்திருக்கிறீர்களா? உச்சியும் திடமாக இருக்கும், தோண்டி எடுத்தால் அடி நுனியும் ஓரளவு திடமாக இருக்கும். மண்மட்டத்தில், மேலே ஒரு சாண் கீழே ஒரு சாண், அங்கேதான் மக்கி விழும். மரத்தை மக்கச் செய்யும் பூஞ்சைக்கு ஈரமும் காற்றும் சேர்ந்து வேண்டும். ஆழத்தில் ஈரம் உண்டு, காற்று குறைவு. உயரத்தில் காற்று உண்டு, மழை நின்றதும் ஈரம் போய்விடும். மண்மட்டத்தில் இரண்டும் எப்போதும் இருக்கும். மரத்தின் ஈரப்பதம் சுமார் 20 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் பூஞ்சை வளராது என்பார்கள். தீபகற்பத்திலேயே அதிக மழை பெய்யும் ஊர்களில் ஒன்றான தைப்பிங் நமக்குப் பக்கத்தில் இருக்கும்போது, மண்ணைத் தொடும் கம்பை அந்த அளவுக்கு உலர வைப்பது நடக்காத காரியம்.

எந்த மரம் எத்தனை நாள் தாங்கும் என்பதைக் கண்டுபிடிக்க, கெப்போங்கில் உள்ள மலேசிய வன ஆய்வுக் கழகம் ஒரு எளிய சோதனை வைத்திருக்கிறது. ஒரே அளவில் அறுத்த மரக்கட்டைகளை வரிசை வரிசையாக மண்ணில் நட்டுவிட்டு, ஆண்டுதோறும் பிடுங்கிப் பார்ப்பார்கள். பார்வைக்கு இடுகாடு போலவே இருப்பதால் கல்லறைச் சோதனை என்று பெயர். பத்து ஆண்டுக்கு மேல் தாங்கினால் மிக உறுதி, ஐந்து முதல் பத்து வரை உறுதி, இரண்டு முதல் ஐந்து வரை நடுத்தரம், இரண்டுக்குக் கீழே என்றால் தாங்காதது. செங்கால் மரம் முதல் வகுப்பு. நம் பால் மரம் கடைசி வகுப்பு.

இதில்தான் தோட்டத்து ஊர்களுக்கே உரிய ஒரு வேடிக்கை இருக்கிறது. 1877இல் சிங்கப்பூரிலிருந்து வந்த ரப்பர் கன்றுகள் நடப்பட்ட கோலா கங்சார் நமக்கு அடுத்த ஊர். நம் மாவட்டத்தின் பெயரும் அதுதான். அந்த மரத்தை நம்பியே தலைமுறைகள் வாழ்ந்தன. 25, 30 ஆண்டில் பால் குறைந்து மரத்தை வெட்டும்போது கட்டை கட்டையாகக் கிடைக்கும். ஆனால் வெட்டிய சில நாளிலேயே நீலப் பூஞ்சை பிடித்துவிடும், அப்புறம் துளைவண்டு. மரத்துக்குள் மாவும் சர்க்கரையும் அவ்வளவு. 1980களுக்குப் பிறகு மேசை நாற்காலியாக உலகமெங்கும் ஏற்றுமதியானது, வெட்டியதும் போரான் மருந்து ஏற்றி உலர்த்தும் முறை வந்ததால்தான். அதுவும் வீட்டுக்குள் வைக்கும் பொருளுக்கு. மழையில் நிற்கும் பந்தல் காலுக்கு அல்ல. ஆகவே கையில் அதிகமாகக் கிடைப்பது என்பதற்காகப் பால் மரக் கம்பை நடாதீர்கள். மேலே போடும் குறுக்குச் சிம்புக்கு, ஒரு போகத்துக்கு மட்டும் என்றால் போதும். அதன் கவைக் கிளைகள் மட்டும் கொஞ்சம் உபயோகம், கொய்யாக் கவை அதைவிட மேல்.

மூங்கில்தான் நமக்கு உண்மையில் கைகொடுக்கும் பொருள். எல்லா மூங்கிலும் ஒன்றல்ல. தீபகற்பத்தில் தொழிலுக்கு அதிகம் வெட்டப்படுவது செமந்தான் மூங்கில். கைக்கு அடங்குகிற பருமன், நேரான வளர்ச்சி. பெத்தோங் மூங்கில் தூண் அளவுக்குத் தடிமனானது, சிறு பந்தலுக்கு அவ்வளவு தேவையில்லை. பெருநாளுக்கு லெமாங் சோறு சமைக்கும் மூங்கில் சுவர் மெலிந்தது, காலுக்கு ஆகாது, பிளந்து தட்டி பின்ன நல்லது. வீட்டோரங்களில் அழகுக்கு வளர்க்கும் மஞ்சள் மூங்கிலும் ஆற்றோரத்துப் பச்சை மூங்கிலும் ஒரே இனம். அதில் மாவுச்சத்து அதிகம், வண்டுக்குப் பிடித்தமானது. போதாக்குறைக்குப் பச்சையாக நட்டால் கணுவில் வேர்விட்டுத் துளிர்க்கும். பாகலுக்குக் கால் நட்டவர் ஓராண்டில் மூங்கில் குத்துக்குச் சொந்தக்காரர் ஆகிவிடுவார்.

சுங்கை சிப்புட்டிலிருந்து லாசா வழியாக உள்ளே போனால் தெமியார் ஓராங் அஸ்லி (பூர்வகுடி) கிராமங்கள் இருக்கின்றன. மூங்கிலைப் பிளந்து தட்டையாக விரித்துத் தரையும் சுவரும் போட்டு, பிரம்பால் கட்டி வீடு எழுப்பும் கலை அவர்களுடையது. ஆணி இல்லாமல் அது ஏன் நிற்கிறது என்பதை அங்கே பார்த்துக் கற்றுக்கொள்ளலாம். மூங்கிலில் நார்கள் எல்லாம் நீளவாக்கில்தான் ஓடுகின்றன, குறுக்கே பிடித்து நிறுத்த எதுவும் கிடையாது. ஆணி அடித்தால் அந்த வரியிலேயே பிளந்துவிடும். கட்டுதான் வழி. துளை போட்டே ஆக வேண்டுமென்றால் துளைப்பானால் போட்டுவிட்டு உள்ளே மரமுளை செருகலாம்.

எந்த மூங்கிலை வெட்டுவது என்பதில்தான் பாதி ஆயுள் இருக்கிறது. மூன்று நான்கு ஆண்டு முதிர்ந்ததை வெட்ட வேண்டும். இளசின் மேல் வெள்ளைப் பொடி படிந்திருக்கும், அடிப்பாளை ஒட்டியிருக்கும். முதிர்ந்ததில் பளபளப்பு போய், பாசியும் வெளுத்த திட்டுகளும் தெரியும். கத்தியின் பின்புறத்தால் தட்டினால் கணீரென்று கேட்கும். புதிய முளைகள் குத்தின் வெளிவட்டத்தில் வருவதால் முதிர்ந்தவை நடுவில் மாட்டிக்கொள்ளும். சோம்பல்பட்டு வெளியோரத்து இளசுகளை வெட்டுகிறவர்கள்தான் அதிகம். அதனால் குத்தும் கெடும், பந்தலும் கெடும்.

தேய்பிறையில் வெட்டினால் வண்டு வராது என்று பெரியவர்கள் சொல்வார்கள். மலாய்க்காரர்களிடமும் இந்த நம்பிக்கை உண்டு. நிலவுக்கும் மூங்கிலுக்கும் உள்ள தொடர்பு உறுதியாக நிரூபிக்கப்பட்டது என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் நாள் பார்த்து வெட்டுகிறவர் அவசரப்படாமல், முதிர்ந்ததைத் தேர்ந்தெடுத்து, மழை குறைந்த மாதத்தில் வெட்டுகிறார். பலன் அதில் வருகிறது என்பது என் ஊகம். முளை கிளம்பும் மழைக்காலத்தில் வெட்டாமல் இருப்பதுதான் முக்கியம். பொங்கலை ஒட்டிய மாதங்கள் இந்தப் பக்கத்தில் மழை குறைந்த காலம், அப்போது வெட்டலாம்.

வண்டு மூங்கிலைத் தேடி வருவது மாவுச்சத்துக்காக. ஓடும் நீரில் சில வாரம் ஊறப்போட்டால் அந்தச் சத்து கரைந்து போகும். தேங்கிய குட்டையிலும் செய்யலாம், ஆனால் மூங்கில் கறைபடும், நாற்றம் தெருமுனை வரை வரும். ஊறப்போட்டால் வண்டுதான் விலகும். பூஞ்சைக்கும் கறையானுக்கும் அதனால் பெரிய தடை இல்லை. இந்த வேறுபாடு தெரியாமல் "ஊறப்போட்டும் மக்கிவிட்டதே" என்று நொந்துகொள்கிறார்கள். போராக்ஸ், போரிக் அமிலக் கரைசல் வண்டு, பூஞ்சை, கறையான் மூன்றையும் தடுக்கும், மலிவும்கூட. ஆனால் அது நீரில் கரையும் உப்பு. கூரைக்குக் கீழே நல்ல மருந்து, திறந்த பந்தலில் நாலு மழைக்கு மேல் நம்ப முடியாது. கரைந்து போவது உங்கள் பாத்திக்குத்தான் போகும், போரான் மிஞ்சினால் செடிக்கு நஞ்சு. பழைய எஞ்சின் எண்ணெயைக் கம்பின் அடியில் தடவுகிற வழக்கமும் இங்கே உண்டு. காய்கறி விளையும் மண்ணில் அது கூடவே கூடாது. அடியைத் தீயில் சுட்டுக் கரியாக்குவது கெடுதல் இல்லை, பெரிய பலனும் இல்லை. கரி மேல்தோலில் மட்டும்தான். வெடிப்பு விழுந்ததும் ஈரம் உள்ளே போய்விடும்.

மருந்தை விட நல்ல வழி, காலை மண்ணிலிருந்து பிரித்துவிடுவது. எதுவும் செய்யாத மூங்கில் மண்ணில் நின்றால் ஒன்றிலிருந்து மூன்று ஆண்டுதான். மண்ணைத் தொடாவிட்டால் அதைவிடக் கூடுதலாகத் தாங்கும். காலி பெயிண்ட் டின்னில் சிமெண்டுக் கலவை ஊற்றி நடுவில் ஒரு இரும்புக் கம்பியை ஒரு முழம் நீட்டிக்கொண்டிருக்கும்படி நிறுத்துங்கள். இறுகியதும் டின்னைப் பாதி புதைத்து, அடிக்கணுவை உடைத்த மூங்கிலை அந்தக் கம்பியில் மாட்டுங்கள். மூங்கில் மண்ணுக்கு மேல், சிமெண்டின் மீது நிற்கும். இடம் மாற்றும்போது டின்னையும் தூக்கிக்கொண்டு போகலாம். இதையே தலைகீழாகச் செய்து, கம்பை நட்டுச் சுற்றிலும் சிமெண்டு ஊற்றுகிறவர்கள் ஏமாந்துபோகிறார்கள். கம்பு உலர்ந்து சுருங்கும், சிமெண்டுக்கும் கம்புக்கும் இடையில் விழும் சந்தில் தண்ணீர் தேங்கும், வெறும் மண்ணில் நட்டதைவிட வேகமாக மக்கும்.

கடலோரப் பக்கம் போகிறவர்கள் பாக்காவ் என்ற சதுப்புநில மரத்தின் கம்பு வாங்கி வருவார்கள். கோலா செப்பெத்தாங்கை ஒட்டிய மாத்தாங் சதுப்புக்காடு சுமார் 40,000 ஹெக்டர், நூறாண்டுக்கும் மேலாக முறைவைத்து வெட்டப்படும் காடு. கரிக்காக முப்பது ஆண்டுச் சுற்று, நடுவில் 15ஆவது 20ஆவது ஆண்டுகளில் நெருக்கத்தைக் குறைக்க வெட்டுவதுதான் இந்தக் கம்புகள். கட்டடங்களுக்கு அடியில் தண்ணீர் மட்டத்துக்குக் கீழே அடித்த பாக்காவ் கம்பு நெடுங்காலம் நிற்பதால் இதற்கு அழிவே இல்லை என்று ஒரு பேச்சு இருக்கிறது. அங்கே காற்று இல்லை, அதனால் நிற்கிறது. உங்கள் கொல்லையில் காற்று இருக்கிறது.

செம்பனை மட்டைக்கும் குறைவில்லை. ஒரு மரம் ஆண்டுக்கு 24 மட்டை வரை விடும், குலை வெட்டும்போது கீழ்மட்டைகளையும் வெட்டி வரிசைக்கு நடுவே அடுக்குவார்கள். அந்த மட்டை அங்கேயே மக்கி மரத்துக்கு உரமாகிறது, ஆகவே அது குப்பை என்று நினைத்துக் கேட்காமல் இழுத்து வருவது சரியில்லை. மண்டோரிடம் (தோட்டத்து மேற்பார்வையாளரிடம்) ஒரு வார்த்தை சொல்லுங்கள். அடிமட்டையின் முள்ளைச் சீவிவிட்டால் பாத்தி ஓரம் கட்டவும், குச்சிகளுக்கு நடுவே வளைத்துப் பின்னித் தாழ்வான வேலி போடவும் ஆகும். உலர்ந்தால் சுருங்கி இலேசாகிவிடும். ஒரு போகம், அவ்வளவுதான். பாரம் ஏற்றக்கூடாது.

நீண்டகாலக் கொடிகளுக்கு நான் சொல்வது உயிர்க்கால். தமிழ்நாட்டுக் கொடிக்கால்களில் வெற்றிலையை அகத்தி மேல் ஏற்றுவார்கள். சரவாக்கில் மிளகுக்கொடிக்குப் பெலியான் என்ற இரும்பு போன்ற மரத்தை நட்டார்கள், அது கிடைக்காத இடங்களில் கல்யாண முருங்கையையும் கிளைரிசிடியாவையும் நடுவது உண்டு. உயிருள்ள மரம் மக்காது. கிளைரிசிடியாவின் கட்டைவிரலைவிடத் தடித்த கிளையை ஆறடி நீளத்துக்கு வெட்டி, ஒரு நாள் நிழலில் வெட்டுவாயை உலரவிட்டு, ஒன்றரை அடி ஆழத்தில் நட்டால் சில வாரத்தில் துளிர்க்கும். காற்றிலுள்ள நைட்ரஜனை மண்ணில் சேர்க்கும், கழிக்கிற தழை உரமாகும். முருங்கையையும் நடலாம், எல்லார் வீட்டிலும் இருக்கிறது. ஆனால் தண்ணீர் தேங்கினால் அழுகும், கிளை முறியும் குணமும் உண்டு. வெற்றிலை, கோவை போன்ற பாரமில்லாத கொடிக்குச் சரி, சுரைக்காய்க்கு வேண்டாம். உயிர்க்காலுக்கு ஒரு செலவு உண்டு, அதைச் சொல்லிவிட வேண்டும்: மாதத்துக்கு ஒருமுறை கழிக்காவிட்டால் பந்தலுக்கு வெயிலே கிடைக்காது.

கட்டுக்கு ராஃபியா வெயிலில் பொடிந்து துண்டு துண்டாக மண்ணில் கலந்துவிடும், எனக்குப் பிடிக்காது. தென்னங்கயிறு ஒரு போகத்துக்குத் தாராளம். பிரம்பை ஊறவைத்துக் கட்டினால் உலர்ந்து இறுகும். பழைய சைக்கிள் டியூபை நாடாவாக வெட்டிக் கட்டுவது இயற்கைப் பொருள் கணக்கில் வராது, ஆனால் அதைப்போல் இறுக்கமான கட்டு வேறில்லை. பச்சை மூங்கிலில் கட்டுகிறவர்கள் இரண்டு வாரம் கழித்து மீண்டும் இறுக்க வேண்டும், மூங்கில் சுருங்கியிருக்கும்.

பந்தல் விழுவதற்குக் காயின் பாரம் காரணமாவது குறைவு. மழையில் நனைந்த கொடியின் எடையும் பக்கவாட்டில் அடிக்கும் காற்றும் சேர்ந்துதான் சாய்க்கும். மலாக்கா நீரிணையைத் தாண்டி விடியலில் வரும் சுமத்ராக் காற்று இதற்குப் பேர்போனது. நான்கு காலும் நான்கு குறுக்கும் மட்டும் உள்ள பந்தல் சதுரம் சாய்சதுரமாகிப் படுத்துவிடும். மூலைக்கு மூலை ஒரு சாய்வுக் கம்பு வைத்துக் கட்டுங்கள், இரண்டு பக்கம் வைத்தாலும் போதும். உயரம் ஆறடிக்குக் குறையாமல் இருந்தால்தான் புடலங்காய் தொங்கும், நாமும் குனியாமல் பறிக்கலாம். வீட்டுச் சுவரில் சாய்த்துக் கட்டுவது எளிது, ஆனால் கறையானுக்கு அது ஏணி. ஓர் அடியாவது தள்ளி நிறுத்துங்கள்.

கொசுவையும் மறக்கக்கூடாது. மூங்கிலை எங்கே வேண்டுமானாலும் வெட்டினால் மேல்முனையில் ஒரு குவளை கிடைக்கும், மழைநீர் அதில் நிற்கும். டிங்கியைப் பரப்பும் ஏடிஸ் கொசுவுக்கு அது போதும். 1975ஆம் ஆண்டின் நோய் பரப்பும் பூச்சிகள் ஒழிப்புச் சட்டப்படி வீட்டில் கொசுப்புழு இருந்தால் அபராதம் உண்டு, மூங்கில் முனை என்ற சலுகையெல்லாம் கிடையாது. கணுவை ஒட்டி மேலே வெட்டுங்கள், கணுவே மூடியாகிவிடும். குறுக்குக் கம்பைத் தாங்க முனையில் பிறைவாய் வெட்டும்போதும் கணுவிலிருந்து அதிகம் விலகாமல் வெட்டி, மிஞ்சும் குழியில் மண்ணை அடைத்துவிடுங்கள். காட்டில் வெட்டி விட்டுவந்த அடிக்கட்டைக்கும் இதே விதிதான்.

காடு என்றதும் இன்னொன்று. காப்புக்காட்டிலோ அரசு நிலத்திலோ மூங்கிலும் பிரம்பும் வனப்பொருள். 1984ஆம் ஆண்டின் தேசிய வனச் சட்டப்படி அனுமதியில்லாமல் வெட்டக்கூடாது. ஆற்றோரத்தில் யாரும் நடாமல் வளர்ந்திருக்கிறது என்பதால் அது யாருடையதும் இல்லை என்றாகிவிடாது. கம்பத்து வீடுகளில் மூங்கில் குத்து வைத்திருப்பவர்கள் பலர், கேட்டால் சும்மா கொடுப்பவர்களும் உண்டு.

கொடி ஓய்ந்து பந்தலைப் பிரித்ததும் எல்லாவற்றையும் குவித்துக் கொளுத்துவதுதான் வழக்கமாக இருந்தது. திறந்த வெளியில் எரிப்பது இப்போது சுற்றுச்சூழல் சட்டப்படி குற்றம். நல்ல கால்களை நிழலில் மண் படாமல் படுக்க வைத்தால் அடுத்த போகத்துக்கு ஆகும். அடி மக்கியவற்றை ஓர் அடி அறுத்துவிட்டுப் பயற்றங்காய்க்குக் குட்டைக் காலாக்கலாம். கம்பியையும் ராஃபியாவையும் பொறுக்கிவிட்டு மீதியைச் சின்னதாக நறுக்கி உரக்குழியில் போடுங்கள். செம்பனைத் தண்டோ தென்னந்தண்டோ இருந்தால் முழுதாக ஒரு மூலையில் போட்டு வைக்காதீர்கள். மக்கும் தண்டில்தான் காண்டாமிருக வண்டு முட்டையிடும், அதிலிருந்து வருபவை பக்கத்து வீட்டுத் தென்னையின் குருத்தைக் குடையும். உரக்குழியை மாதம் ஒருமுறை கிளறினால் அதன் பருத்த வெள்ளைப் புழுக்கள் அகப்படும். கோழி வளர்ப்பவர்களுக்கு அது இலவசத் தீனி.